விசேஷத்துக்கு மறுநாள்: சுங்கை சிப்புட்டில் ஓர் எடைக் குறைப்பு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்ணுக்கு 47 வயது. செம்பனை ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறார். உயரம் 155 செ.மீ., முதல் நாள் எடை 82.3 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 விழுக்காடு. மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி அது 6.3-ஐத் தொட்டால் இனிப்புநீர், அதாவது நீரிழிவு. அவருடைய அம்மாவுக்கு அந்த நோயால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிய கை இவருடையது. அந்தப் பயம்தான் அவரை உணவியல் ஆலோசகரான என்னிடம் கொண்டு வந்தது.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை விட்டுவிட்டேன், குடும்ப விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எடை குறைத்தவர்களின் கதை நிறைய இருக்கிறது. இந்தக் கதையை எழுதக் காரணம், அக்காவின் திட்டம் உடைந்ததும் விசேஷங்களில், அது மறுபடி ஒட்டியதும் விசேஷங்களில். நம் ஊர்களில் எடை குறைக்க நினைக்கும் பெரும்பாலோருக்கு இதே இடத்தில்தான் கால் இடறுகிறது.

ஊரின் நாட்காட்டி

சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில் சுவரோடு சுவராக வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன. ஆனால் உறவு குடிபோகவில்லை. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சித்தி, அத்தைதான். அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அழைப்பிதழ்கள் காந்த வில்லையில் ஒட்டிக் கிடக்கும். கல்யாணம், காதணி, சடங்கு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. இவை போதாதென்று தீபாவளி, சீனப் பெருநாள், ஹரிராயா, கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புகள். அப்புறம் பிள்ளைகளின் பிறந்தநாள், அலுவலக விருந்து.

அமெரிக்காவில் ஜாக் யானோவ்ஸ்கி குழுவினர் 195 பேரை நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை எடை பார்த்து 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பண்டிகைக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோதான். ஆனால் அந்தச் சிறு ஏற்றம் பிறகும் இறங்கவில்லை. வருடா வருடம் அப்படியே சேர்ந்துகொண்டு போகும். அவர்களுக்குப் பண்டிகைக் காலம் வருடத்தில் ஒன்று. நமக்கு எத்தனை என்று நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும்.

மலேசியாவில் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2023-ல் அது 54.4 விழுக்காடு. இனிப்புநீரைப் பொறுத்தவரை 2019 ஆய்வில் நாட்டுச் சராசரி 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு. இந்த எண்ணை நான் எத்தனை முறை சொன்னாலும் மனம் பழக மறுக்கிறது. பந்தியில் வரிசையாக உட்காரும் ஒவ்வொரு பத்துப் பேரிலும் மூவர். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23-ஐத் தாண்டும்போதே ஆபத்து தொடங்குகிறது, 27.5-ஐத் தாண்டினால் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-ல் சொன்னது. அக்காவின் குறியீடு 34.

முதல் ஒன்பது வாரம்

வரும்போதே கையில் ஓர் உணவு அட்டவணை வைத்திருந்தார். வேறோர் இடத்தில் பணம் கட்டி வாங்கியது. காலையில் ஓட்ஸ், மதியம் அவித்த கோழி நெஞ்சுக்கறி, மாலையில் பச்சை ஆப்பிள். கடைசி வரியில், 'விருந்துகளைத் தவிர்க்கவும்.' அவ்வளவுதான். ஒரு தமிழ்ப் பெண்ணிடம், அதுவும் அரை ஊருக்கு அத்தையாக இருப்பவரிடம், விருந்தைத் தவிர்க்கச் சொல்வது ஆலோசனை ஆகாது. அந்த அட்டவணையோடு அவர் ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை. தன் மனஉறுதி சரியில்லை என்று அவரே முடிவு கட்டியிருந்தார். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது.

நாங்கள் தொடங்கியது எளிமையாகத்தான். நாளுக்கு ஏறத்தாழ 1,400 கலோரி. அவருடைய உடல் செலவழிப்பது 1,900 அளவில் என்று கணக்கிட்டோம், ஆக 500 குறைவு. இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடு, அதாவது 76.5 கிலோ. இந்த 7 விழுக்காடு குத்துமதிப்பில் வந்ததல்ல. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இந்த இலக்கோடு வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் சேர்ந்தபோது, இனிப்புநீர் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நம்மவர்களிடமே நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் உணவு, நடை மாற்றத்தால் 28.5 விழுக்காடு குறைந்தது.

காலையில் இரண்டு ரொட்டி சானாய், டின் பால் ஊற்றிய ஒரு தே தாரிக் என்று இருந்ததை இரண்டு தோசை, சாம்பார், சீனி இல்லாத காப்பி என்று மாற்றினார். மதியத் தட்டுக்குச் சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செபாரு' அளவு: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதித் தட்டு காய்கறியும் பழமும். மாலையில் தாமானைச் சுற்றி நடை. சித்திரை முடிவதற்குள் எடை 78.9. பிளவுஸ் தளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

வைகாசி

வைகாசியில் மாமன் மகன் வீட்டுக் கல்யாணம். அடுத்த வார இறுதியில் பெரியப்பா பேத்திக்குச் சடங்கு. அதற்குப் பிறகு ஆலை மேலாளரின் பணி ஓய்வு விருந்து, சீன உணவகத்தில் எட்டு வகைச் சாப்பாடு. அந்த விருந்து முடிந்த திங்கட்கிழமை எடைக் கருவியில் 81.1.

ஒன்பது வாரத்தில் இறங்கியது 3.4 கிலோ. நான்கே வாரத்தில் 2.2 திரும்பிவிட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது மிஸ், விட்டுருங்க" என்றார்.

விட மனமில்லை. அவர் சாப்பிடுவதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தார். எடை ஏறிய வாரங்களிலும் அதை நிறுத்தவில்லை. இது பெரிய விஷயம். பெரும்பாலானோர் நன்றாகச் சாப்பிட்ட நாட்களைத்தான் பதிவு செய்வார்கள். இருவரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

கல்யாண இலையின் படம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. நேரம் பிற்பகல் 2 மணி கடந்து. இடது ஓரத்தில் உப்பு, மோர் மிளகாய், ஊறுகாய். நடுவில் பிரியாணி ஒரு மேடாக, அதன் மேல் தால்ச்சா வழிந்து இலையின் நரம்பு வரை போயிருந்தது. ஆட்டிறைச்சி வறுவல், கோழிப் பிரட்டல், ஒரு முட்டை, இரண்டு அப்பளம், தயிர் வெங்காயம். மூலையில் கேசரி, அதன் நெய் வாழையிலையில் மினுங்கியது. அன்று காலையிலிருந்து வெறும் கறுப்புக் காப்பிதான் குடித்திருக்கிறார். "மத்தியானம் எப்படியும் சாப்பிடப் போறோம், காலையில குறைச்சுக்கலாம்னு நினைச்சேன்." இந்தக் கணக்கைப் பலர் போடுகிறார்கள், பசியோடு பந்தியில் உட்காருகிறவர் ஒருபோதும் அதில் ஜெயிப்பதில்லை. இனிப்புநீருக்குக் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. விருந்துக்காக வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மண்டபத்திலேயே மயங்கி விழலாம்.

அந்த இலையில் மறுபடி வைத்த சோற்றையும் சேர்த்து 1,800 கலோரிக்குக் குறையாது என்று மதிப்பிட்டோம். இரவுச் சாப்பாடும் சேர்ந்தால் உடல் செலவழித்ததைவிட ஏறத்தாழ 1,000 கூடுதல். மூன்று விசேஷமும் சேர்த்து 3,000 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 3,000 கலோரி என்றால் அரைக் கிலோகூட ஆகாது. பிறகு 2.2 கிலோ எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி தண்ணீர். மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டால் உடல் அதில் ஒரு பங்கைக் கிளைகோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். விருந்துச் சாப்பாட்டின் உப்பும் தண்ணீரைத் தங்கவைக்கும். அதனால்தான் விருந்துக்கு மறுநாள் எடை பார்ப்பது வீண் மனவேதனை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில் அக்கா மறுபடி எடை பார்த்தபோது 80.2. 0.9 கிலோ தானாகவே போயிருந்தது.

உண்மையில் ஏறியது 1.3 கிலோ, அதாவது ஏறத்தாழ 10,000 கலோரி. விசேஷ நாட்கள் மூன்றுக்கு 3,000. மீதி 7,000 விசேஷம் இல்லாத நாட்களில் வந்தது.

படங்கள் அதைத் தெளிவாகக் காட்டின. கல்யாணத்துக்கு மறுநாள் காலை: புங்குஸ் (பொட்டலம்) கட்டி வந்த பிரியாணி, சூடு பண்ணியது. மதியம்: அதே பிரியாணி, அலுவலகத்துக்கு டப்பாவில். இரவு: ஆட்டிறைச்சிக் குழம்பில் ரொட்டி. செவ்வாய்க்கிழமை: தாம்பூலப் பையில் வந்த லட்டும் முறுக்கும், மாலை தேநீரோடு. புதன்கிழமை சீனி போட்ட தே தாரிக் திரும்பி வந்துவிட்டது. நடை நின்றுபோய்விட்டது. "சடங்கு முடியட்டும், அப்புறம் ஒரேயடியா ஆரம்பிக்கலாம்" என்று குறிப்பு எழுதியிருந்தார். சடங்கு முடிந்ததும் அதே வாக்கியம், பணி ஓய்வு விருந்தின் பெயரோடு.

விருந்தில் சாப்பிட்டது ஒரு வேளை. 'எப்படியும் கெட்டுப்போச்சு' என்ற எண்ணம்தான் பத்து நாள் சாப்பிட்டது. பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற இரு உளவியலாளர்கள் 1975-ல் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்த பிறகு அவர்கள் குறைத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். மாறாக அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்ததும் இனிக் காக்க ஒன்றுமில்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அக்காவிடம் இந்த ஆய்வைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் உண்மையான வேலை தொடங்கியது.

பந்தி விசாரிப்பவரின் கை

திட்டத்தை மாற்றினோம். முதல் விதி, விசேஷத்துக்கு மறுநாள் காலைச் சாப்பாடு வழக்கம்போல் இரண்டு தோசை. பட்டினியும் இல்லை, பிரியாணியும் இல்லை. இரண்டாவது, புங்குஸ் வேண்டாம். வற்புறுத்திக் கொடுத்தால் வாங்கி, அன்றைக்கே ஆலையில் இரவு முறை வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிடுவது. சாப்பாட்டை வீணாக்க அக்காவுக்கு மனம் வராது, வரவும் கூடாது. அவருடைய பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளை வளர்த்தவர். அந்த வீட்டில் சோற்றை ஒதுக்குவது பாவம் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். உணவியல் ஆலோசகர்கள் இதை மூடநம்பிக்கை போலப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். பசியை நேரில் பார்த்த குடும்பத்தின் அறிவு அது. அதற்கு இடம் கொடுத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம்: இலையில் விழுவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? நம் பந்தியில் சாப்பிடுபவர் அளவைத் தீர்மானிப்பதில்லை. வாளியோடு வருகிற தம்பியும், பின்னால் நின்று "அந்த இலைக்கு இன்னும் கொஞ்சம் வை" என்று சொல்கிறவரும் தீர்மானிக்கிறார்கள். 'போதும்' என்றால் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். கையை இலைமேல் குறுக்கே வைத்தால் விரலிடுக்கில் குழம்பு விழும். தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூட்டத்தோடு சாப்பிடும்போது மனிதர் அதிகம் சாப்பிடுகிறார் என்பதை ஜான் டி காஸ்ட்ரோ என்ற ஆய்வாளர் உணவுக் குறிப்பேடுகளை வைத்தே காட்டியிருக்கிறார். நம் பந்தியில் கூட்டத்தோடு அன்பின் வற்புறுத்தலும் சேர்ந்துகொள்கிறது.

ஆவணியில் அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் பந்தி விசாரிப்பது எப்போதும் சித்தப்பாதான். எழுபதைத் தாண்டியவர், தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், யாரையும் கை நனைக்காமல் அனுப்பமாட்டார். அக்கா மிகவும் பயந்ததே அவருக்குத்தான். யாரிடம் மறுக்க முடியாதோ அவரிடமே முன்கூட்டியே உதவி கேட்கலாம் என்று பேசிக்கொண்டோம். கல்யாணத்துக்கு முந்திய வாரம் அக்கா அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"சித்தப்பா, எனக்கும் அம்மா மாதிரி இனிப்புநீர் வரப் போகுதுன்னு சொல்றாங்க. அம்மா காலு ஞாபகம் இருக்கில்ல? கல்யாணத்தன்னிக்கு என் இலையை நீங்கதான் பார்த்துக்கணும்."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "இதை ஏம்மா இவ்வளவு நாளா சொல்லலை?" என்றிருக்கிறார்.

கல்யாணத்தன்று அக்காவின் இலைக்குப் பக்கத்தில் அவர் வந்து நின்றார். வாளியோடு வந்த தம்பியிடம், "தம்பி, இந்த இலைக்கு நான் சொன்னாத்தான்" என்றார். சோறு ஒரு கரண்டி. முட்டைக்கோஸ் பொரியலும் வெள்ளரிக்காயும் இரண்டு பங்கு. ஆட்டிறைச்சி மூன்று துண்டு, அதை அவரே வாளியிலிருந்து கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். கேசரி ஒரு தேக்கரண்டி, ஏனென்றால் கல்யாண வீட்டில் இனிப்பு தொடாமல் எழுந்திருக்கக் கூடாது.  எதிர்ப்பந்தியில் இருந்த அத்தை ஒருவர், "என்னடி, கோழி கொத்தற மாதிரி சாப்பிடுற?" என்று கேட்டபோது அக்கா வாயைத் திறப்பதற்கு முன் சித்தப்பாவே பதில் சொல்லிவிட்டார்.

இந்த நிகழ்விலிருந்து எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். வற்புறுத்துகிறவர் எதிரி இல்லை. அவருக்கு உன் மேல் அக்கறை காட்ட வேண்டும், அதற்குச் சோறு ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. வேறொரு பொறுப்பைக் கொடுத்தால் அதே அக்கறையோடு அதைச் செய்வார். ஆனால் பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் நடக்காது. நாலு பேர் முன்னால் மறுப்பது விருந்து வைத்தவரை அவமதிப்பதாகிவிடும். முந்திய வாரம், அவர் வீட்டுத் திண்ணையில் கேட்க வேண்டும். காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'டயட்' என்றால் சிரிப்பார்கள். அம்மாவின் காலைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

சாப்பிடும் வரிசை

இலையில் என்ன விழுகிறது என்பதோடு எது முதலில் வாய்க்குப் போகிறது என்பதையும் மாற்றினோம். நியூயார்க்கில் 2015-ல் இனிப்புநீர் உள்ள 11 பேரிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், அதே உணவைக் காய்கறி, இறைச்சி முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசையில் சாப்பிட்டபோது சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை. பார்பரா ரோல்ஸ் குழுவின் 2007 ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள் சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்த வேளையில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகச் சாப்பிட்டார்கள். சூப்புக்கு நாம் எங்கும் போக வேண்டாம், ரசம் இருக்கிறது. அக்கா பந்தியில் ரசத்தை முதலில் ஒரு டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். வாழையிலைக் கடைகளில் கேட்காமலே கொடுக்கிறார்கள்.

கடைகளில்

வெளிக் கடைகளில் நடந்தது எளிது, ஏனென்றால் அங்கே நாம் சொல்வதைத்தான் கொடுப்பார்கள். மாமாக் கடையில் தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலிலேயே 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. பேச்சு நீளும்போது இரண்டாவது கிளாஸும் வரும். நாசி கண்டாரில் 'குவா பஞ்சிர்' என்று எல்லாக் குழம்பையும் சோற்றின் மேல் ஊற்றவிடாமல், 'குவா அசிங்' என்று தனிக் கிண்ணத்தில் வாங்குவது. குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. தனிக் கிண்ணத்தில் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும், கரண்டியால் ஒதுக்கலாம். சீனச் சாப்பாட்டில் வேகவைத்த மீனும் கீரையும் வரும்போது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, கடைசியில் வரும் வறுத்த சோற்றை இரண்டு வாயோடு நிறுத்துவது. ஆண்களிடம் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன்: 320 மில்லி பியர் டின் ஒன்றில் ஏறத்தாழ 140 கலோரி, அதற்குத் துணையாக வரும் வறுத்த கச்சானும் கோழியும் தனிக் கணக்கு.

ஈப்போ ஓட்டல்

எல்லாம் சரியாக நடக்கவில்லை. புரட்டாசிக்கு முன்னால் ஆலையின் ஆண்டு விருந்து, ஈப்போவில் ஒரு ஓட்டலில், பஃபே. சித்தப்பா இல்லை, இலை இல்லை, எழுந்து போய் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும் சாப்பாடு. அக்கா மூன்று முறை எழுந்து போனார். இனிப்பு மேசையில் சாக்லேட் கேக், சென்டோல், குய். படங்களைப் பார்த்தால் வைகாசிக் கல்யாண இலையைவிட அதிகம்.

ஆனால் மறுநாள் காலைப் படம்: இரண்டு தோசை, சாம்பார், கறுப்புக் காப்பி. மாலையில் நடை. அடுத்த வெள்ளிக்கிழமை எடை 78.3, விருந்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை 78.2. ஏறியது 0.1 கிலோ. எனக்கு இந்தப் பதிவுதான் முழு ஆய்விலும் அதிக மகிழ்ச்சி தந்தது. விருந்தில் ஒழுங்காகச் சாப்பிட்ட நாளைவிட, விருந்தில் தவறிய பிறகும் மறுநாள் வழக்கத்துக்குத் திரும்பிய நாள் எடைக் குறைப்பில் பெரிய வெற்றி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதியதுபோல, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்த செயல், அந்த நேரத்து மனஉறுதியை எதிர்பார்ப்பதில்லை. அக்கா குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அழைப்பிதழ்களுக்கு மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'எவ்வளவு சாப்பிட்டாலும் மறுநாள் காலை ரெண்டு தோசை.'

தீபாவளி

புரட்டாசி சைவத்தில் எளிதாகப் போயிற்று. தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை 76.9.

தீபாவளியின் சிக்கல் பந்தி இல்லை, பலகார டின்தான். முறுக்கு, ஓமப்பொடி வகைகள் 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி. யாரும் 100 கிராம் எடுத்து வைத்துச் சாப்பிடுவதில்லை. டின்னைக் கடக்கும்போது ஒன்று, தொலைக்காட்சி பார்க்கும்போது ஒன்று. அது இரண்டு வாரம் வீட்டில் இருக்கும். அக்கா இந்த முறை மாவின் அளவைப் பாதியாக்கினார். விருந்தாளிகளுக்குத் தட்டில் எடுத்து வைத்தபின் டின்னை மூடி மேல் அலமாரிக்கு ஏற்றினார். மூன்றாம் நாள் மிச்சத்தை மகன் தன் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனான். ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் ஆட்டுக்கறியும் சாப்பிடாத தோட்டத்துக் குடும்பம் எங்கே இருக்கிறது? அவருடைய அம்மா காலத்தில் ஆட்டுக்கறி என்பதே தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். சாப்பிட்டபின் குடும்பமே எழுந்து உறவினர் வீடுகளுக்கு நடந்து போனார்கள். அந்தக் கால் மணி நேர நடை, சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும்.

தீபாவளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை 77.6. கார்த்திகை முடிவில் 76.4. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ., எச்பிஏ1சி 5.8. ஒன்பது மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 5.9 கிலோ, 7 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டி.

இது ஒரே ஒருவரின் கதை. நிலையான வேலை, படம் எடுத்து வைக்கும் பழக்கம், சித்தப்பா போன்ற ஓர் ஆள், எல்லாம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. முறை வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் நிறைய மாற்ற வேண்டியிருக்கும். கருமாதிச் சாப்பாட்டுக்கு எங்களிடம் இன்னும் நல்ல வழி இல்லை. துக்க வீட்டில் முன்கூட்டியே யாரிடமும் பேச முடியாது, பேசவும் கூடாது. அங்கே வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் விதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்.

அடுத்த இரத்தப் பரிசோதனை தைப்பூசம் முடிந்து. அதற்குள் இரண்டு கல்யாணம், ஒரு காதணி. ஒரு கல்யாணத்தில் பந்தி விசாரிப்பவர் சித்தப்பா. மற்ற இரண்டிலும் யார் என்று அக்கா இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.